சிவப்பில் இருந்து நீலத்தைக் கழித்தால்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சுண்ணாம்பு. காரியம் ஆக வேண்டிய நேரத்தில் மட்டும் சுண்ணாம்பக்கா. பெயர் வைத்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஏனென்றால் அவளே நல்ல கறுப்பு. அவள் பார்க்கிற வேலையோ ஊரில் உள்ளவர்களை எல்லாம் வெளுப்பது. துணியை அல்ல, தோலை.

டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், விளம்பரப் படங்களுக்கு நிறம் திருத்துகிற ஸ்டூடியோ. படியேறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். உள்ளே ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணியால் மூடிய ஓர் அறை, சில கம்ப்யூட்டர்கள், ஒரு சோபா. சோபா வாடிக்கையாளர்களுக்கு. காபி குடித்துக்கொண்டே அடுத்தவர் மூஞ்சியில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே செய்த மாதிரி அவ்வளவு சொகுசு. அவளுடைய நாற்காலிக்கு ஒரு பக்கம் கைப்பிடி கிடையாது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கறுப்பு என்ற சொல்லை அந்த அறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் டல்லா இருக்கு" என்பார்கள். "ஃப்ரெஷ்ஷா இல்ல" என்பார்கள். "பளிச்சுன்னு வரணும், லேசா தூக்கி விடுங்க" என்பார்கள். தூக்கி விடுவதாம்! ஏதோ பள்ளத்தில் விழுந்து கிடப்பவளுக்குக் கை கொடுத்து மேலே ஏற்றுகிற மாதிரி. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நம்ம வீட்ல ரெண்டு பேருக்கும் தூக்கற வேலைதான்" என்று அவர் சொல்கிற ஜோக்குக்கு அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

தூக்குகிற விதம் இதுதான். படம் என்று நாம் பார்ப்பது உண்மையில் மூன்று படம். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல். தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் மூன்றுமே கறுப்பு வெள்ளைதான். சிவப்பு சேனலில் தோல் மினுங்கும், நீலத்தில் இருண்டு கிடக்கும். சிவப்பில் இருந்து நீலத்தைக் கழித்தால் வானம் போய்விடும், வெள்ளைச் சட்டை போய்விடும், தோல் மட்டும் மிஞ்சும். அதை இன்னும் அழுத்தி இழுத்தால் இருட்டில் முகமும் கையும் காலும் மட்டும் வெள்ளையாக மிதக்கும். அதுதான் மாஸ்க். அந்த மாஸ்க்கைப் படத்தின் மேல் விரிக்கிற வெளிச்சமான ஒரு லேயருக்கு மாட்டிவிட்டால், மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கிற இடத்தில் மட்டும் வெளிச்சம் இறங்கும். கறுப்பான இடத்தில் ஒன்றும் நடக்காது. வெள்ளை தெரியும், கறுப்பு மறையும். அந்த சாஃப்ட்வேரின் சட்டம் அது. சட்டம் போட்டவன் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் போட்டிருப்பான். ஆனாலும் அவளுக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று இருக்கும்.

சேனலுக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள், சிவப்பு. வெளுப்பாக இருக்கிற ஆளை நாம் சிவப்பு என்றுதான் சொல்கிறோம். கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறவர்கள் "பொண்ணு சிவப்பா?" என்று கேட்கும்போது தக்காளியையா தேடுகிறார்கள்? அந்தச் சேனலுக்குள் போய்ப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட கறுப்பான ஆளும் மற்ற சேனல்களில் இருப்பதைவிட வெளிச்சமாகத்தான் இருப்பார். எல்லாரும் சிவப்புதான். இதை அவள் ஒருநாள் முதலாளியிடம் சொன்னாள். அவர் "தத்துவம் எல்லாம் அப்புறம் பேசலாம், அந்த ஷாம்பு விளம்பரம் முடிஞ்சுதா?" என்றார்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. சண்டை போட வந்தவள். படிப்பு முடித்த வயதில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனாள். போட்டோக்கடைக்காரர் கேட்காமலேயே உதவி செய்துவிட்டார். பாஸ்போர்ட் அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "இது யாரு, உங்க அக்காவா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூக்குக்கு மேல் கோபம் வந்து அவள் நேரே போய்ப் போட்டோக்கடைக்காரரைப் பிடி பிடி என்று பிடித்தாள். போட்டோவில் கழுத்து ஒரு நிறம், காது ஒரு நிறம், முகத்தை மட்டும் மாவில் முக்கின மாதிரி இருக்கிறது, செய்கிற திருட்டையாவது உருப்படியாகச் செய்யத் தெரியாதா என்று கத்தினாள். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "காது வரைக்கும் பாக்கற கண்ணு யாருக்கும் வராதும்மா. வேலைக்கு வர்றியா?" என்றார். போனாள். போட்டோவில் இருந்து வீடியோ, அங்கிருந்து இந்தக் கறுப்புத் துணி அறை. கோபம் மட்டும் அன்று கவுண்டரில் ஏறியது, இறங்கவே இல்லை.

அவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தின் தொடர் ஓட்ட அணியில் கடைசி ஆள், நாடாவை அறுப்பவள். அம்மாவின் நிறம், அம்மாவின் வாய், அப்பாவின் கால். உறவுக்காரர்கள் மகளைப் பார்த்தால் தவறாமல் சொல்வது ஒன்று: "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." சுண்ணாம்புக்கு அந்த 'இருந்தாலும்' மட்டும் கையில் கிடைத்தால் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருக்கும். அவளையும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் கல்யாணத்தன்றுகூட மேடையில் அவள் காதுபடவே சொன்னார்கள்.

ஒரு வாரத் தொடக்கத்தில் முதலாளி ஒரு ஹார்டு டிஸ்க்கை மேஜையில் வைத்து, "ஸ்கூல் விளம்பரம். வழக்கம் போல எல்லாரையும் தூக்கிடு" என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. முதலில் வந்தவை எல்லாம் நெருக்கமான ஷாட்டுகள். புத்தகம் புரட்டும் விரல்கள். சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடிக்கும் கை. ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போகும் வெள்ளைக் கட்டை. முகமே இல்லை. அவள் கலரில் பார்க்கக்கூட இல்லை. சேனலைப் பிரித்தாள், கழித்தாள், மாஸ்க்கை மாட்டினாள், தூக்கினாள். கட்டை வாங்குகிற கையின் மணிக்கட்டில் மட்டும் மாஸ்க்கில் ஒரு கறுப்பு வளையம் விழுந்திருந்தது. வாட்சோ ஏதோ. தோல் இல்லை, அதனால் அவளுக்கு அங்கே வேலையும் இல்லை. அடுத்த ஷாட்டுக்குப் போனாள்.

அடுத்த ஷாட்டில் மைதானம் விரிந்தது. தூரத்தில் இருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். நெஞ்சு நாடாவில் பட்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே கேமராவுக்கு நேராக முகத்தைத் திருப்பினாள். அவள் மகள்.

சுண்ணாம்பு அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பின்னால் வானம் வெளிறிப்போய்க் கிடந்தது, கேமராக்காரனுக்கு வெளிச்சம் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் பிள்ளை என்ன அழகாக ஓடுகிறது! தோளில் வேர்வை மின்னுகிறது. பக்கத்து மேஜையைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாயெடுத்தபோதுதான் சோபாவில் ஆள் வந்து உட்கார்ந்தார்.

விளம்பரக் கம்பெனிக்காரர். எதற்கெடுத்தாலும் பளிச், பளிச் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பளிச்சுக்காரர் என்று பெயர். காபியை உறிஞ்சிக்கொண்டே முதல் ஷாட்டுகளைப் பார்த்தார். "சூப்பர், சூப்பர்" என்றார். ஓடுகிற ஷாட் வந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்தப் பொண்ணு கொஞ்சம் டல்லா இருக்கா மேடம்."

"டல்லுன்னா?"

"அதான்... ஃப்ரெஷ்ஷா இல்ல."

"வெயில்ல ஓடிட்டு வருது. ஃப்ரெஷ்ஷா இருக்கறதுக்கு அது என்ன காய்கறியா?"

முதலாளி தன் மேஜையில் இருந்தே இருமினார். அது அவளுக்கு எச்சரிக்கை. பளிச்சுக்காரர் சிரித்தார். "அய்யோ மேடம், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் பளிச்சுன்னு வந்தா பேரன்ட்ஸ் பாத்ததும் பிடிக்கும்."

"எது பளிச்சுன்னு வரணும்? சட்டையா, வானமா, புல்லா? என்னன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. அப்பதான் எனக்குப் புரியும்."

"உங்களுக்குப் புரியாததா மேடம்? வழக்கமா நீங்க செய்யறதுதானே."

அந்த வார்த்தை அவளைப் பொளேரென்று அறைந்தது. என் பொண்ணு அது என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாதா? "அட, உங்க பொண்ணா! கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா மேடம்." அதை அந்த வாயில் இருந்து கேட்பதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பதே மேல்.

அவர் போன பிறகு முதலாளி வந்தார். "என்ன ஆச்சு உனக்கு? முடியாதுன்னா சொல்லு, நானே உட்கார்ந்து தூக்கிடறேன்."

முதலாளி தூக்கினால் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்திருக்கிறாள். மாவில் முக்கின மாதிரி இருக்கும். "நானே செய்யறேன்" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. பை ஒரு பக்கம் போனது, செருப்பு ஒரு பக்கம் போனது. கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தார். நடந்ததை அவள் கொட்டி முடித்ததும், மணிக்கட்டில் எப்போதும் கிடக்கும் நீல ரப்பர் பேண்டை உருவி முடியைக் கட்டிக்கொண்டே மகள் கேட்டாள்:

"படம் உங்க ஸ்டூடியோவுக்கா வந்திருக்கு? அப்போ நீயே தூக்கிடுவல்லம்மா?"

சுண்ணாம்புக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "என்னது?"

"என்னைத்தான். கொஞ்சமா. மத்தவங்கள எல்லாம் தூக்கிட்டு என்னை மட்டும் விட்டுட்டா நான் கரிக்கட்டை மாதிரி தனியா தெரிவேன்."

"யாருடி சொன்னா உன்னைக் கரிக்கட்டைன்னு? எவ சொன்னா? பேரைச் சொல்லு!"

"யாரும் சொல்லல. நான்தான் சொல்றேன்."

"வாயைக் கிழிச்சிடுவேன்!"

"ஏன் கத்தற? உன் வேலையே அதுதானே? ஊர்ல இருக்கற எல்லாரையும் வெளுக்கற. சொந்தப் பொண்ணுன்னா மட்டும் உனக்குக் கோவம் வருதா?"

கணவர் சூழ்நிலையைச் சமாளிப்பதாக நினைத்து, "விடும்மா, நம்ம வீட்டு லிஃப்ட்ல நமக்கே இடமில்லன்னா எப்படி?" என்றார். சுண்ணாம்பு அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அவள் சமையலறைக்குள் நுழைந்து பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினாள். பளிச்சுக்காரர் மேல் கோபம், முதலாளி மேல் கோபம், மகள் மேல் கோபம். அடியில் கிடந்த கோபம் யார் மேல் என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அதனால் குழம்புச் சட்டியை இன்னும் பலமாகத் தேய்த்தாள்.

மறுநாள் அந்த ஓடுகிற ஷாட்டைத் திறந்தாள். வழக்கம் போலச் சிவப்பில் இருந்து நீலத்தைக் கழித்தாள். மாஸ்க்கில் மகள் வெள்ளையாக ஓடி வந்தாள். மாஸ்க் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு, தலைகீழாக்குவதற்கு. அதைத் தட்டினாள். வெள்ளையெல்லாம் கறுப்பானது, கறுப்பெல்லாம் வெள்ளையானது. இப்போது எது செய்தாலும் மகளைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும்தான் இறங்கும். வெளிறிய வானத்தின் வெளிச்சத்தை இறக்கினாள். கண்ணைக் கூச வைக்கிற சட்டையை இறக்கினாள். புல்லை இறக்கினாள். சுற்றி இருந்த பகட்டு எல்லாம் அடங்க அடங்க, நடுவில் மகள் எழுந்து வந்தாள். தோள், கன்னம், நெற்றி எல்லாம் அப்படியே, சொந்த நிறத்தில், விளக்கு ஏற்றின மாதிரி.

பளிச்சுக்காரர் பார்த்ததும் கை தட்டினார். "பாத்தீங்களா! நான் சொன்னேன்ல? இப்ப பாருங்க பொண்ணு எவ்ளோ பளிச்சுன்னு இருக்கா. அஞ்சு நிமிஷ வேலை, அதுக்கு நேத்து அவ்ளோ கோவம்!"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளை நான் தொடவே இல்லையடா மடையா, நீ பார்க்கிறது அந்தக் கறுப்பைத்தான் என்று அந்த அறை அதிரக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன ஆகும்? உண்மை தெரிந்த அடுத்த நிமிடமே மறுபடி தூக்கச் சொல்வான். மகளின் நிறத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த நிறம் போய்விட்டது என்று அவன் நம்ப வேண்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். தாடை வலித்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் படத்தைப் பெற்றோர் எல்லாருக்கும் அனுப்பி வைத்தது. திங்கட்கிழமைதான் வெளியே போகும். மகள் அதைப் போனில் இருந்து டிவியில் போட்டாள். பார்த்ததும் துள்ளிக் குதித்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "செமயா தூக்கிட்டம்மா! தேங்க்ஸ்!"

இதற்காகத்தான் சுண்ணாம்பு அத்தனை நாளும் வாயை மூடிக் காத்திருந்தாள். "உன்னைத் தொடவே இல்லடி" என்றாள்.

"சும்மா சொல்லாத."

"ஓடற இடத்துல நிறுத்து. போய் உன் கையை வெச்சுப் பாரு."

மகள் நம்பாமல் போய், திரையில் ஓடும் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். ஒரே நிறம். பிரித்துச் சொல்ல முடியாத ஒரே நிறம். கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். "இது நானா?" என்றாள், குரலே வேறாகி. பால்கனியில் இருந்து எட்டிப் பார்த்த கணவர் உள்ளே வந்து நின்றார். சுண்ணாம்புக்குக் கண் நிறைந்தது. அத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தன் வேலை மேல் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மகள் படத்தைப் பின்னால் இழுத்தாள். கட்டை கை மாறுகிற இடம் வந்ததும் நிறுத்தினாள். திரை முழுக்க இரண்டு கைகள், இரண்டும் கோதுமை நிறத்தில்.

"அப்போ இது?"

"அது யாரோ..."

"யாரோவா? கொடுக்கற கை ஏணியோடது." ஏணி என்பது மகளின் சிநேகிதி, அணியில் மூன்றாவதாக ஓடுகிற நெட்டைப் பெண். இந்த வீட்டில் பாதி நாள் சாப்பிடுகிறவள். "அவ என்னைவிடக் கறுப்பும்மா. வாங்கற கை யாரோடதுன்னு பாரு. நல்லாப் பாரு."

சுண்ணாம்பு பார்த்தாள். வாங்குகிற கையின் மணிக்கட்டில் ஒரு நீல ரப்பர் பேண்ட்.

மாஸ்க்கில் அது வெறும் கறுப்பு வளையமாகத்தான் இருந்தது. சிவப்பில் இருந்து நீலத்தைக் கழித்தால் நீலம் மிஞ்சாது. அந்த பேண்டைத் தலையில் போடு, கையில் போடாதே என்று தினமும் காலையில் அவள்தான் திட்டுவாள்.

"முகம் தெரிஞ்சா விட்டுடுவ. முகம் தெரியலன்னா வெளுத்துடுவ, அப்படித்தானே?" மகள் தன் மணிக்கட்டைத் திரைக்கு நேராக நீட்டினாள். "என் கையே உனக்குத் தெரியலையாம்மா?"

கோபப்பட அவளுக்கு ஆள் யாரும் மிச்சமில்லை. போனை எடுத்து முதலாளிக்கு அடித்தாள்.

"சார், நான்தான். அந்த ஸ்கூல் படத்தை வெளிய விடாதீங்க. நாளைக்கு வந்து எல்லா ஷாட்டையும் திரும்பச் செய்யறேன்."

"என்ன விளையாடறியா? அந்தாளு ஓகே சொல்லிட்டாரு. எதுல குறை?"

"பிள்ளைங்க எல்லாம் கறுப்பு சார். நான் வெளுத்துட்டேன்."

கறுப்பு என்ற சொல்லை அவர் தன் ஸ்டூடியோ விஷயமாகக் கேட்டதே கிடையாது. மெல்ல, "திடீர்னு என்னம்மா ஆச்சு?" என்றார்.

"நாடாவை அறுக்கறாளே ஒருத்தி, அவ என் பொண்ணு."

"அட, உன் பொண்ணா! சொல்லவே இல்லையே! நல்ல பிள்ளைம்மா. கறுப்பா இருந்தாலும்..."

"இருந்தாலும் எல்லாம் வேண்டாம் சார். கறுப்பா இருக்கா. அத்தோட நிறுத்துங்க."

போனை வைத்தாள். மகள் டிவியை அணைக்கவில்லை. அந்த இரண்டு கைகளும் திரையில் வெளுப்பாகவே நின்றுகொண்டிருந்தன.